நிலம் உங்களுடையது, குடியிருக்கும் உரிமை?
வீட்டு வண்டியில் குடியேறும் முன் அறிய வேண்டியவை

2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற ‘நோமேட்லேண்ட்’ படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். வேலையையும் வீட்டையும் இழந்தவர்கள் வேனையே வீடாக்கிக்கொண்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஊர் ஊராகச் செல்லும் கதை அது. வாடகை கட்ட முடியாமல் அந்த வாழ்க்கைக்குத் தள்ளப்பட்டவர்கள் ஒருபுறம். நகர நெரிசலும் மின்கட்டணமும் வேண்டாம் என்று தாமே விரும்பிப் போகிறவர்கள் மறுபுறம். கூரையில் சோலார் தகடு, அடியில் பேட்டரி, தொட்டியில் தண்ணீர், யாரும் வராத ஐந்து ஏக்கர் நிலம். இவை இருந்தால் போதும் என்று இரு தரப்பினரும் நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கையைக் குறிவைத்தே விளம்பரங்கள் வருகின்றன. ‘முன்பணம் குறைவு, கடன் தகுதிச் சோதனை இல்லை, மாதத் தவணை மட்டும்’ என்று பாலைவன மனைகளை விற்கிறார்கள். நிலத்தை நேரில் பார்க்காமலே சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு, வண்டியை நிறுத்திய சில வாரங்களில் ‘இங்கே குடியிருக்கக் கூடாது’ என்ற நோட்டீஸைக் கையில் வாங்குபவர்கள் உண்டு. அந்த நிலை யாருக்கும் வரக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சட்டத்தின் பார்வையில் அது வீடு அல்ல

அமெரிக்காவில் நில உரிமையும் குடியிருப்பு அனுமதியும் தனித்தனியானவை. நிலத்தை விற்பவர் முதலாவதை மட்டுமே தர முடியும். இரண்டாவதைத் தருவது கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகம்.

ஆர்.வி. என்று அழைக்கப்படும் வீட்டு வண்டிகள் நிரந்தரக் குடியிருப்புக்கான கட்டட விதிகளின்படி தயாரிக்கப்படுவதில்லை. தொழிற்சாலையில் கட்டப்படும் வீடுகளுக்கு 1976 முதல் மத்திய வீட்டுவசதித் துறையின் தரவிதி இருக்கிறது. அந்த விதியிலிருந்து ஆர்.வி.களை விலக்கி 2018-இல் வெளியான ஆணை, அவை பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை, முதன்மை வசிப்பிடம் அல்ல என்று வரையறுத்தது. அந்த ஆணை வண்டியில் வாழ்வதைத் தடை செய்யவில்லை. தடையோ அனுமதியோ கவுண்டியின் நிலப் பயன்பாட்டு விதியில்தான் இருக்கும். சொந்த நிலத்திலேயே ஆண்டுக்கு இத்தனை நாள்தான் வண்டியில் தங்கலாம் என்று பல கவுண்டிகள் வரம்பு வைத்திருக்கின்றன. செப்டிக் டேங்க், தண்ணீர் ஏற்பாடு, வீடு கட்டும் அனுமதி ஆகியவை இருந்தால்தான் அதற்கு மேல் தங்கலாம்.

கொலராடோ மாநிலத்தின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ‘ஃபோர்ப்ஸ்’ பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் 1970-களில் அங்கே பெரும் பண்ணை நிலத்தை மனைகளாகப் பிரித்து நாடு முழுவதும் விற்றார். மின்சாரமோ குடிநீரோ சாக்கடையோ இல்லாத ஐந்து ஏக்கர் மனைகள் இன்றும் அப்பகுதியில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மலிவான விலையை நம்பி வந்து வண்டிகளில் குடியேறியவர்களுக்கும், 2010-களின் நடுவில் விதிகளை இறுக்கிய கோஸ்டில்லா கவுண்டிக்கும் கடும் மோதல் ஏற்பட்டது. குடியேறியவர்கள் சொத்துரிமை பேசினார்கள். கவுண்டி கழிவுநீரையும் பொதுச் சுகாதாரத்தையும் பேசியது. விற்றவர்களோ பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அரசு நிலத்தில் தங்கினால்?

நில மேலாண்மைப் பணியகம் என்ற மத்திய அமைப்பின் வசம் சுமார் 24.5 கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. இதில் பெரும்பகுதியில் கட்டணமின்றி முகாமிடலாம். ஆனால் ஒரே இடத்தில் பொதுவாக 28 நாள் காலத்துக்குள் 14 நாள்தான் தங்க முடியும். பிறகு வேறிடம் போக வேண்டும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தங்க விரும்புவோருக்கு அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊரை ஒட்டிய லா போசா போன்ற நீண்டகாலத் தங்கல் பகுதிகள் 1983 முதல் உள்ளன. அங்கே பருவம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. கட்டணம் உண்டு.

நகர எல்லைக்குள் நிலைமை கடினமாகியிருக்கிறது. பொது இடங்களில் முகாமிடுவோரைத் தண்டிக்கும் நகரச் சட்டங்கள், கொடூரத் தண்டனைக்கு எதிரான அரசியலமைப்புப் பாதுகாப்பை மீறவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில், கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில் தீர்ப்பளித்தது. ‘போக இடமில்லை’ என்ற வாதத்தை மட்டும் நம்பி இனி நகரத் தெருவில் வண்டியை நிறுத்த முடியாது.

பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

*பாதை:* வரைபடத்தில் ரோடு இருப்பதாலேயே நிலத்துக்கு வழி இருப்பதாகாது. சுற்றிலும் பிறர் நிலம் இருந்தால், பதிவு செய்யப்பட்ட பாதை உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்திலும் வண்டி போகுமா என்று தனியாகக் கேளுங்கள்.

*பத்திரம்:* ‘எனக்கு உரிமை ஏதும் இருந்தால் அதை விட்டுத்தருகிறேன்’ என்று மட்டும் சொல்வது க்விட்க்ளெய்ம் பத்திரம். விற்பவருக்கு உரிமை இல்லையென்றால் உங்களுக்கும் இல்லை. உரிமைக்கு உறுதி தரும் வாரண்டி பத்திரத்தையே கேளுங்கள். வில்லங்கம் பார்க்கவும் இழப்பை ஈடுகட்டவும் டைட்டில் இன்ஷூரன்ஸ் எடுங்கள். வரி பாக்கி உண்டா, கனிம உரிமை யாரிடம் உள்ளது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

*தவணை:* விற்பவரிடமே தவணை கட்டும் ஒப்பந்தங்கள் பலவற்றில் கடைசித் தவணை வரை பத்திரம் உங்கள் பெயருக்கு வராது. இடையில் தவணை தவறினால் நிலமும் போகலாம், கட்டிய பணமும் போகலாம். ஒப்பந்தத்தைக் கவுண்டி பதிவகத்தில் பதிவு செய்யாமல் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள்.

சட்டம் உங்களுக்குச் சில ஆயுதங்களைத் தந்திருக்கிறது. மாநிலம் கடந்து மனை விற்பதை ஒழுங்குபடுத்தும் 1968-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளைப் பிரித்து விற்பவர், கையெழுத்துக்கு முன்பே சொத்து அறிக்கை தர வேண்டும். ஒப்பந்தத்தை 7 நாளுக்குள் ரத்து செய்யலாம். அறிக்கையே தரவில்லை என்றால் ரத்து செய்ய 2 ஆண்டு அவகாசம் உண்டு. இதற்கு விலக்குகள் பல இருப்பதால், உங்கள் மனைக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். அரிசோனாவில் நகராட்சி எல்லைக்கு வெளியே, முறையான மனைப்பிரிவில் சேராத ஐந்துக்கு மேற்படாத துண்டு நிலங்களை விற்பவரும் பாதை, வெள்ளம், தண்ணீர், கழிவுநீர் பற்றிய உறுதிமொழிப் பத்திரத்தை உரிமை மாறுவதற்குக் குறைந்தது 7 நாள் முன்னதாகத் தர வேண்டும். அதைப் பெற்ற 5 நாளுக்குள் நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

தண்ணீரும் கழிவும்

வறண்ட நிலத்தில் வாழ்வை முடிவு செய்வது தண்ணீர்தான். அரிசோனாவின் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் பகுதியில் நூற்றுக்கணக்கான வீடுகள் லாரித் தண்ணீரை நம்பியிருந்தன. லாரிகள் அருகிலுள்ள ஸ்காட்ஸ்டேல் நகரத்தில் நிரப்பிக்கொள்ளும். கொலராடோ ஆற்றின் வறட்சியைக் காரணம் காட்டி 2023 ஜனவரி 1 அன்று நகரம் அதை நிறுத்தியது. மக்கள் மழைநீரைப் பிடித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்தினார்கள். மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றிய பிறகே தீர்வு வந்தது. வசதியான வீடுகளுக்கே இந்த நிலை என்றால், வண்டியில் இருப்பவர் தண்ணீர் எங்கிருந்து, எந்த ஒப்பந்தத்தின் பேரில் வருகிறது என்று கேட்டாக வேண்டும்.

கிணறு தோண்டலாம் என்று நினைப்பவர்களும் அனுமதி பெற வேண்டும். கொலராடோவில் 35 ஏக்கருக்குக் குறைவான மனைகளுக்குப் பெரும்பாலும் வீட்டுக்குள் புழங்க மட்டுமே அனுமதி கிடைக்கும். தோட்டத்துக்குப் பாய்ச்ச முடியாது. மழைநீரும் அங்கே 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன், அதாவது சுமார் 416 லிட்டர்தான்.

கழிப்பறைத் தொட்டியை மண்ணில் திறந்துவிடுவது குற்றம். கழிவு எங்கே போகிறது என்று கவுண்டி கேட்கும். அங்கீகரிக்கப்பட்ட கழிவு இறக்குமிடத்தில் கொட்டிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு விசாரணை வந்தால் அவை உங்கள் சாட்சி.

உயிருக்கு ஆபத்தானவை

மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். தனி ஜெனரேட்டரை வண்டியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகுமாறு வையுங்கள். அடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்தாதீர்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே அதை உணரும் கருவி தரையை ஒட்டி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு, புரொப்பேன் எச்சரிக்கைக் கருவிகள் இரண்டுக்கும் ஆயுட்காலம் உண்டு. பழைய வண்டி வாங்கினால் அவற்றை முதலில் மாற்றுங்கள்.

சான் லூயிஸ் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் வெப்பம் மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் பழுதாகிவிடும். தெற்கு அரிசோனாவின் கோடையோ 45 டிகிரியைத் தாண்டும். குளிர்சாதனம் நின்றால் அந்தத் தகரப் பெட்டிக்குள் முதியவர்களும் குழந்தைகளும் தாங்க மாட்டார்கள். காய்ந்து கிடக்கும் ஓடைப் படுகையில் வண்டியை நிறுத்தவே கூடாது. எங்கோ பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும். இரண்டடி ஆழ ஓட்டம் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும்.

நெடுநாள் பூட்டிக் கிடந்த வண்டியில் எலிப் புழுக்கை இருந்தால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். 1993-இல் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் வெளிப்பட்ட ஹான்டா வைரஸ் அந்தத் தூசி வழியே நுரையீரலைத் தாக்கும். கையுறை அணிந்து, கிருமிநாசினியில் நன்றாக நனைத்த பிறகு துடைத்தெடுங்கள்.

சோதனையும் நோட்டீஸும் வந்தால்

வண்டி வீடாக இருந்தாலும், சாலையில் ஓடும் நிலையில் இருந்தால் போலீஸ் தகுந்த காரணத்தின் பேரில் வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாம் என்று 1985-இல் கார்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாங்கிகள் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டு, மின்சாரம், குடிநீர் இணைப்புகளோடு வீடாகவே நிலைபெற்ற வண்டிக்கும் இது பொருந்துமா என்ற கேள்வியை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. வேலியும் ‘நுழையாதே’ பலகையும் இருந்தாலும், வீட்டை ஒட்டிய முற்றத்துக்கு அப்பால் உள்ள திறந்தவெளிக்கு மத்திய அரசியலமைப்பின் பாதுகாப்பு இல்லை என்பது 1984-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சில மாநிலங்கள் இதைவிடக் கூடுதல் பாதுகாப்பு தருகின்றன. எப்படியிருந்தாலும் சோதனைக்கு உங்கள் சம்மதத்தைக் கேட்டால், ‘சம்மதமில்லை’ என்று பணிவாகச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கையால் தடுக்காதீர்கள்.

கவுண்டி நோட்டீஸைப் பார்க்காததுபோல் இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. அபராதம் நாள்தோறும் ஏறும் வகையில் இருக்கலாம். அது நிலத்தின் மீது பற்றுரிமையாகவும் மாறலாம். நோட்டீஸில் உள்ள கடைசித் தேதிக்குள் எழுத்தில் பதில் தந்து விசாரணை கேளுங்கள். திருத்திக்கொள்ள அவகாசம், வீடு கட்டும் காலத்துக்குத் தற்காலிக அனுமதி, விதிவிலக்கு ஆகியவற்றுக்கு விண்ணப்பியுங்கள். மிகையான அபராதத்துக்கு எதிரான அரசியலமைப்புத் தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதன் வழியில் 2021-இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், டிரக்கில் வாழ்ந்த ஒரு தொழிலாளியிடம் சியாட்டில் நகரம் விதித்த இழுவைக் கட்டணம் மிகையானது என்றும், அவர் வாழ்ந்த வண்டி அவரது வசிப்பிடமே என்றும் ஏற்றது. வருமானம் குறைந்தவர்கள் அரசு நிதியில் இயங்கும் சட்ட உதவி மையங்களை அணுகலாம். விற்றவர் உண்மையை மறைத்திருந்தால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுங்கள்.

அமெரிக்கக் குடியுரிமை பெறாத நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒரு கடமை உண்டு. இடம் மாறிய 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குப் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். கடிதம் வந்து சேரும் நிலையான முகவரி இல்லாமல் வண்டியில் ஏறாதீர்கள். முழுநேரம் வண்டியில் வாழ்வதைக் காப்பீட்டு நிறுவனத்திடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

முன்பணம் அனுப்பும் முன் அந்தக் கவுண்டியின் திட்டமிடல் அலுவலகத்துக்கு மனை எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு கேள்விகள் போதும்: இந்த மனையில் வண்டியில் ஆண்டு முழுவதும் வாழலாமா? சட்டப்படியான பாதை உண்டா? தண்ணீருக்கு என்ன அனுமதி தேவை? கழிவுக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? பதில் எழுத்தில் வரும்வரை பணத்தைக் கையைவிட்டு விடாதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அந்த நிலம் உங்களுக்கு வேண்டாம்.