தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி: என்ன விலை போகும், எப்படிக் கணிப்பது?

டெல்லி புசா ரோட்டுப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறீங்க. ஊர்லேருந்து அம்மா போன் பண்றாங்க: "தாத்தா போனதுலேருந்து அந்த வேட்டைத் துப்பாக்கி பீரோவுலயே கிடக்கு. நல்ல விலைக்குப் போகும்னு சொல்றாங்க, என்ன பண்ணலாம்?"

விலைக்கு முன்னாடி சில விஷயங்களைத் தெரிஞ்சுக்குங்க.

அது ரைபிளா?

பெரும்பாலும் இல்லை. ரைபிளின் குழலுக்குள் சுருள் பள்ளங்கள் இருக்கும். தோட்டா சுழன்றபடி பாயும். வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 12 போர் துப்பாக்கி. அதன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும், ரவைகள் சிதறும். இரட்டைக்குழல் ரைபிளில் இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி, சுட்டுப் பார்த்துக் கையாலேயே சரிசெய்ய வேண்டும். அதனால் அது எப்போதுமே விலை அதிகம். 'மலிவான டபுள் பேரல் ரைபிள்' என்றால் சந்தேகப்படுங்க.

தரத்தை எப்படிப் பார்ப்பாங்க?

இதை உரிமம் பெற்ற டீலர்தான் செய்ய வேண்டும். அவர் கவனிப்பவை:

• குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே துருக்குழியோ நெளிவோ இருக்கக்கூடாது.
• கழற்றிய குழல்களைத் தொங்கவிட்டுத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். கரகரத்தால் பற்றவைப்பு விட்டிருக்கலாம்.
• மூடிய நிலையில் மூட்டு ஆடக்கூடாது.
• முனையில் இரு குழலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், யாரோ வெட்டிக் குறைத்திருக்கலாம். உரிமம் இல்லாமல் அப்படிக் குறைப்பதே குற்றம்.
• புகையற்ற வெடிமருந்துக்குச் சோதித்த முத்திரை இருக்கா? அலை அலையாகக் கோலம் தெரியும் பழைய டமாஸ்கஸ் குழல்கள் பல கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய தோட்டாவைப் போட்டால் வெடித்துச் சிதறும் ஆபத்து உண்டு.

செதுக்கல் வேலைப்பாடும் இங்கிலாந்து கம்பெனிப் பெயரும் இதற்கெல்லாம் பிறகுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்காக இதை வாங்குவோர் இங்கே இல்லை. உரிமம் உள்ளவர் மட்டுமே வாங்க முடியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் 3லிருந்து 2 ஆகக் குறைந்துவிட்டது. வாங்குவோர் வட்டம் சின்னது என்பதால் விலையும் அதற்கேற்பத்தான்.

இன்னொன்று: தாத்தாவின் லைசென்ஸ் தாத்தாவுக்கு மட்டும்தான். அவர் இறந்தபின் துப்பாக்கி வீட்டில் இருப்பதே ஆயுதச் சட்டப்படி சிக்கல். தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கணும். பிறகு வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் சட்டப்படி விற்கலாம்.

அதனால அம்மாகிட்ட சொல்லுங்க: விலையை அப்புறம் விசாரிக்கலாம், முதல்ல அந்த லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி எடுங்க.