0.17 விநாடி

தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த கட்டாரி என்னும் குத்துவாள்கள் பல இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றில் சில நம்மை வியக்கவைப்பவை. கைப்பிடி இங்கே செய்தது, அலகோ கடல் கடந்து வந்த ஐரோப்பிய வாளினுடையது. குறுக்குச் சட்டத்தை முஷ்டியால் இறுகப் பிடித்தால் அலகு முன்கைக்கு நேர்கோட்டில் நீளும். குத்தும் விசை மணிக்கட்டில் சிதறாமல் நேரே முனைக்குப் போய்ச் சேரும்.

இன்றைய வாள்வீச்சில் விசைக்கு அவ்வளவு வேலையில்லை. ஃபாயில் என்னும் பிரிவில், வாள்முனை 500 கிராம் எடைக்குரிய அழுத்தம் கொடுத்தாலே போதும். சேபர் என்னும் பிரிவில் அதுவும் வேண்டாம். இடுப்புக்கு மேல், அலகின் எந்தப் பக்கம் பட்டாலும் மின்சுற்று இணைந்து விளக்கு எரிந்துவிடும். ஒருவர் தொட்டபின் எதிராளிக்கு அந்த மின்கருவி தரும் அவகாசம் சுமார் 0.17 விநாடி. அதற்குள் அவரும் தொட்டால் இரண்டு விளக்கும் எரியும். தாக்கும் உரிமை யாருடையது என்பதை நடுவர் சொல்வார். கண்ணால் கண்டு கையை அசைக்க மனிதருக்குச் சராசரியாக 0.2 விநாடியாவது ஆகும். அடி விழுவதைப் பார்த்தபின் பதிலடி கொடுக்க நேரமே கிடையாது. எதிராளியின் பாதம் நகரும் விதத்திலேயே அடுத்த அடியைப் படித்துவிட வேண்டும்.

சென்னையின் பவானி தேவி ஏந்தியது இந்தச் சேபரைத்தான். 2004இல் பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் வாள்வீச்சுக்கு வந்தவர். தொடக்கத்தில் பயிற்சி மூங்கில் குச்சியில்தான். தலச்சேரி, பிறகு இத்தாலியின் லிவோர்னோ என்று ஊர் ஊராகப் போய்க் கற்றார். 2021இல் டோக்கியோவில், ஒலிம்பிக்கில் வாளேந்திய முதல் இந்தியர் ஆனார். முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாடியா பென் அஸீஸியை 15-3 என வென்றார். அடுத்து பிரான்சின் மனோன் புரூனேவிடம் 7-15 எனத் தோற்று, நாட்டு மக்களிடம் ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு? புரூனே அங்கே வெண்கலம் வென்றவர். அதே ஆண்டு பவானிக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

என் கணக்கில் அவருடைய உச்சம் 2023 ஜூன், சீனாவின் வூஷி நகரம். ஆசிய வாள்வீச்சுப் போட்டியின் காலிறுதியில் உலகச் சாம்பியன் மிசாகி எமுராவை 15-10 என்று வீழ்த்தினார். அரையிறுதியில் தோற்றது ஒரே புள்ளியில், 14-15. ஆனாலும் வெண்கலம் கிடைத்தது. அந்தப் போட்டியில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. ஒலிம்பிக்குக்குக் கிடைத்த கைதட்டலில் பாதியாவது இதற்கும் கிடைத்திருக்க வேண்டும்.

ஒரு பள்ளியில் வாள்வீச்சும் இருந்ததால்தான் பவானி நமக்குக் கிடைத்தார். இதற்கான ஆடுதளம் 14 மீட்டர் நீளம், அதிகம் போனால் 2 மீட்டர் அகலம். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டப் பள்ளிகளில் அந்த அளவு இடத்துக்கா பஞ்சம்? விளையாட்டு ஆசிரியர்களும் பெற்றோர்களும் கேட்டு வாங்குங்கள்.