அச்சில் வந்த ஒரு கடிதம்

நான் வேலை பார்க்கும் நியூஜெர்சியில் பேயோன் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூடப் பையன், காமிக்ஸ் பைத்தியம். மார்வெலுக்கு அவன் எழுதிய கடிதம் 1963-ல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 20-ஆம் இதழில், முழு முகவரியோடு அச்சானது. முகவரியைப் பார்த்து மற்ற ரசிகர்கள் தாங்கள் நடத்தும் சிறு பத்திரிகைகளைப் பற்றி எழுதினார்கள். அவற்றைப் படித்து அவனும் அந்தப் பத்திரிகைகளுக்குக் கதை எழுத ஆரம்பித்தான். அவர்தான் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புகழ் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின்!

லயன் காமிக்ஸுக்குக் கார்டு போட்டுட்டு, அடுத்த இதழ்ல நம்ம பேர் வந்திருக்கான்னு தேடுன தலைமுறை நாங்க. இன்றைக்குப் பிள்ளைகள் ஒரு லைக்கோடு நகர்ந்துவிடுகிறார்கள். ஏன் பிடித்தது என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் என்றால், தமிழிலேயே எழுதட்டும்.