ஸ்குவாட்ஸ் போட்ட மறுநாள் மாடிப்படி இறங்கினா ஏன் உயிர் போகுது? தொடைக்குள்ளே நடக்கிற இழுபறி இதுதான்!

ஜிம்ல சேர்ந்த ஜோர்ல முதல் நாளே நூறு ஸ்குவாட்ஸ் போட்டுத் தள்ளியிருப்பீங்க. அன்னிக்கு ராத்திரி ஒண்ணும் தெரியாது. மறுநாள் கட்டில்லேருந்து எழுந்திருக்கும்போதுதான் தொடை தன் வேலையைக் காட்டும். அதுலேயும் ஒரு விநோதம்... மாடிப்படி ஏறக்கூட ஏறிடலாம், இறங்கும்போதுதான் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு 'அம்மா'ன்னு கத்தத் தோணும். ஏறுறதைவிட இறங்குறது சுலபம்தானே, அப்புறம் ஏன்?

இதுக்கான பதில் தசையோட கட்டமைப்புலேயே இருக்கு.

மட்டன் நல்லா வெந்ததும் நார் நாராப் பிரியும் இல்லையா? நம்ம தசையும் அப்படித்தான். எலும்போட இணைஞ்சு, நாம நினைச்சபடி அசையுற தசைகள் உடம்புல 600-க்கும் மேல இருக்கு. ஒவ்வொண்ணும் தேங்காய் நார்க் கயிறு மாதிரி. கயிறைப் பிரிச்சா புரி, புரியைப் பிரிச்சா நார். தசையைப் பிரிச்சா கற்றைகள், கற்றைக்குள்ளே தசையிழைகள். ஒரு தசையிழைங்கிறது ஒரே ஒரு செல்தான். தலைமுடி அளவுக்கோ, அதைவிட மெலிசாவோ இருக்கும். ஆனா நீளம் பல சென்டிமீட்டர் வரைக்கும் போகும்!

அந்த இழைக்குள்ளே இன்னும் மெலிசான நுண்ணிழைகள். ஒவ்வொரு நுண்ணிழையும் ரயில் பெட்டிகளைக் கோத்த மாதிரி குட்டிக் குட்டிப் பகுதிகளால ஆனது. அந்தப் பெட்டிக்குப் பேர் சார்கோமியர். ஒரு மில்லிமீட்டர்ல சுமார் 400 பெட்டிகள் அடங்கிடும். நிஜமான வேலை நடக்கிற இடம் இதுதான்.

பெட்டிக்குள்ளே ரெண்டு வகைப் புரத இழைகள். மெலிசானது ஆக்டின், தடிச்சது மயோசின். மயோசின்லேருந்து வரிசையா சின்னச் சின்னத் தலைகள் நீட்டிக்கிட்டிருக்கும். 'எழுந்திரு'ன்னு மூளை சொன்னதும் நரம்பு வழியா சிக்னல் வரும். தசைக்குள்ளே சேமிப்புல இருக்கிற கால்சியம் வெளியே கொட்டும். ஆக்டினை மூடியிருந்த திரை விலகும். அவ்ளோதான், மயோசின் தலைகள் ஆக்டினைப் பிடிச்சு இழுக்கும், விடும், கொஞ்சம் தள்ளிப் பிடிக்கும், மறுபடி இழுக்கும். கயிறு இழுக்கிற போட்டியில கையை மாத்தி மாத்திப் பிடிப்போமே, அதேதான். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்துல பிடியை விடாது.

கவனிச்சீங்களா? தசை சுருங்குது, ஆனா இந்த இழைகள் எதுவும் சுருங்கலை. ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிப் போகுது, அவ்வளவுதான். இதை 1954-ல 'நேச்சர்' இதழ்ல ரெண்டு குழுக்கள் அடுத்தடுத்த கட்டுரைகள்ல சொன்னாங்க. ஒண்ணு ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரால்ஃப் நீடர்கெர்கே. இன்னொண்ணு ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன். ரெண்டு ஹக்ஸ்லிக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது!

இன்னொரு ஆச்சர்யம், பிடிச்ச பிடியை விடுறதுக்கும் ஏ.டி.பி-ங்கிற எரிபொருள் வேணும். இறந்தவங்க உடம்பு விறைச்சுப்போறது இதனாலதான். ஏ.டி.பி தீர்ந்துடும், தலைகள் பிடிச்சது பிடிச்சபடியே நின்னுடும்.

சரி, மாடிப்படிக்கு வருவோம். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. படி ஏறும்போது முன்தொடைத் தசை இழுத்துக்கிட்டே சுருங்குது. இறங்கும்போது நீங்க தொப்புன்னு விழாம இருக்க, அதே தசை பிரேக் போட்டாகணும். அதாவது, இழுத்துக்கிட்டே நீளணும். எதிர் டீம் பலமா இழுக்க, கயிறை விடாமப் பிடிச்சுக்கிட்டே முன்னால இழுபட்டுப் போவோமே... அந்த நிலைமை. இந்த மாதிரி வேலையில கம்மியான இழைகளே பளுவைத் தாங்குது. அதனால சில சார்கோமியர்கள் அளவுக்கு மேல இழுபட்டுச் சேதமாகும். ஸ்குவாட்ல கீழே உட்காரும்போது நடக்கிறதும் இதேதான். உடம்பு இதைச் சரிபண்ண ஆரம்பிக்கும்போது வர்ற அழற்சியும் சேர்ந்துதான் 24 மணி நேரத்துலேருந்து 72 மணி நேரத்துக்குள்ளே வலி உச்சத்துக்குப் போகுது.

'லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு ப்ரோ'ன்னு ஜிம்ல யாராவது சொல்வாங்க. பாவம், அதுமேல பழி போடாதீங்க. அது ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலேயே ரத்தத்துலேருந்து போயிடும்.

நல்ல செய்தி, அடுத்த வாரம் அதே பயிற்சியைச் செஞ்சா பெரும்பாலும் வலி குறையும். தசை அதுக்குள்ளே தன்னைப் பழக்கிக்கும். அதனால முதல் வாரம் எண்ணிக்கையை நல்லாக் குறைச்சே ஆரம்பிங்க.

ஆனா ஒண்ணு. தசை வீங்கி, காலைத் தூக்கவே முடியாம, சிறுநீர் கோலா நிறத்துலேயோ கடுங்காப்பி நிறத்துலேயோ போனா, அது சாதாரண உடம்பு வலி இல்லை. தசையிழைகள் உடைஞ்சு, உள்ளேயிருக்கிற மயோகுளோபின் ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிற 'ராப்டோமயோலைசிஸ்' ஆக இருக்கலாம். 'செம ஒர்க்அவுட்'னு ஸ்டேட்டஸ் போட்டுட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, முதல் நாள் என்ன பயிற்சி செஞ்சீங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லுங்க.