எட்டு வயதில் ஏன் இந்த மாற்றம்?

2020-ஆம் ஆண்டு. கொரோனா நோய் உலகம் முழுவதும் பரவியது. மார்ச் 25 முதல் நம் நாடெங்கும் ஊரடங்கு. பள்ளிகள் மூடிக் கிடந்தன. குழந்தைகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள்.

அந்த நாட்களில் டாக்டர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். ஏழு, எட்டு வயதுப் பெண் குழந்தைகளைத் தாய்மார்கள் அழைத்து வந்தார்கள். "இந்த வயதிலேயே மார்பு வளர்கிறதே!" என்று கவலைப்பட்டார்கள். இத்தாலி நாட்டு டாக்டர்கள் இதை முதலில் எழுதினார்கள். துருக்கியிலும் இப்படி நடந்தது. நம் நாட்டில் புனே நகர டாக்டர்களும் இதையே சொன்னார்கள். முந்திய ஆண்டுகளைவிட இப்படி வந்த குழந்தைகள் அதிகம்.

எந்த வயதில் வருவது சரி?

பெண் குழந்தையின் உடல் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் மாறத் தொடங்கும். முதலில் மார்பு அரும்பும். பிறகு அக்குளிலும் மறைவிடத்திலும் முடி வளரும். உயரம் வேகமாகக் கூடும். மார்பு அரும்பி இரண்டு, இரண்டரை ஆண்டு கழித்து மாதவிலக்கு வரும். இதைத்தான் வயதுக்கு வருவது என்கிறோம்.

8 வயது முடியும் முன்பே மார்பு அரும்பினால், அது மிகவும் சீக்கிரம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டு. அதன் பெயர் பிட்யூட்டரி. உரிய வயதில் மூளை அதற்கு உத்தரவு கொடுக்கும். உடனே அது சினைப்பையைத் தூண்டும். சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கும். அந்த ஹார்மோன்தான் உடலை மாற்றுகிறது.

உடம்பில் உள்ள கொழுப்பும் மூளைக்குச் செய்தி அனுப்பும். "குதிரில் நெல் நிறைந்துவிட்டது" என்று சொல்வது போல. அதனால் உடல் எடை மிகவும் கூடிய குழந்தைகளுக்கு மாற்றம் சீக்கிரம் வரலாம்.

ஊரடங்கில் ஏன் அதிகமானது?

ஓடி விளையாட இடம் இல்லை. நாள் முழுவதும் டி.வி., செல்போன். நொறுக்குத் தீனி கூடியது. தூக்கம் கெட்டது. வீட்டில் பயமும் கவலையும் இருந்தன. இவை எல்லாம் சேர்ந்து காரணமாகலாம் என்று டாக்டர்கள் கருதுகிறார்கள். இதுதான் ஒரே காரணம் என்று எதையும் இன்னும் உறுதி செய்யவில்லை. பெற்றோர் வீட்டிலேயே இருந்ததால் மாற்றத்தைச் சீக்கிரம் கவனித்திருக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

இதனால் என்ன கெடுதல்?

முதலில் அந்தக் குழந்தை மற்றவர்களைவிட உயரமாகத் தெரியும். ஆனால் எலும்பு சீக்கிரம் முதிர்ந்துவிடும். வளர்ச்சி சீக்கிரம் நின்றுவிடும். பெரியவளானதும் உயரம் குறைவாக இருக்கலாம்.

மனதுக்கும் கஷ்டம்தான். உடல் மாறினாலும் அவள் எட்டு வயதுக் குழந்தைதானே! மற்றவர்கள் கேலி செய்வார்கள். கெட்ட எண்ணம் உள்ளவர்களால் ஆபத்தும் உண்டு. சில வீடுகளில் பள்ளியை நிறுத்துகிறார்கள். கல்யாணப் பேச்சும் எடுக்கிறார்கள். இது பெரும் தவறு. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம்.

என்ன செய்ய வேண்டும்?

8 வயதுக்கு முன் மாற்றம் தெரிந்தால் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். டாக்டர் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார். இரத்தமும் சோதிப்பார். சில குழந்தைகளுக்கு மூளையில் கட்டி இருக்கலாம். அதற்காக ஸ்கேன் எடுப்பதும் உண்டு. பெரும்பாலான பெண் குழந்தைகளுக்கு அப்படி எந்த நோயும் இருக்காது.

எல்லோருக்கும் மருந்து தேவை இல்லை. தேவைப்பட்டால் மாதம் ஒருமுறையோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி போடுவார்கள். அது மாற்றத்தை நிறுத்தி வைக்கும். உரிய வயதில் ஊசியை நிறுத்தினால் மாற்றம் மறுபடி தொடங்கும்.

சிறு குழந்தைக்கு இரத்தம் பட்டால் "வயதுக்கு வந்துவிட்டாள்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். காயமாக இருக்கலாம். யாராவது துன்புறுத்தியும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். கீரை, பருப்பு, முட்டை, பழம் கொடுங்கள். தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாட விடுங்கள். இரவில் நேரத்தோடு தூங்க வையுங்கள். மாதவிலக்கு என்றால் என்ன என்று தாய் முன்கூட்டியே சொல்லித் தரட்டும். அப்போது குழந்தை பயப்படாது. தனியே உட்கார வைக்க வேண்டாம். அவள் தவறு எதுவும் செய்யவில்லை.

கூடிப் பேசுவோம்

1. நம் ஊரில் பெண் குழந்தைகள் விளையாட இடம் இருக்கிறதா?
2. வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்திய பெண்கள் நம் தெருவில் உண்டா? அவர்களைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப நாம் என்ன செய்யலாம்?
3. மாதவிலக்கு பற்றி மகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது?