உட்காரும் உரிமை (தமிழ்நாடு)

உட்காரும் உரிமை என்பது, கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் நின்றுகொண்டே பணிபுரிவோர், வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்ந்துகொள்வதற்குச் சட்டம் வழங்கும் உரிமையாகும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இல் 2021ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 22-அ பிரிவு இதனை வழங்குகிறது. கேரளத்தை அடுத்து இத்தகைய சட்டத்தை இயற்றிய இரண்டாவது இந்திய மாநிலம் தமிழ்நாடு ஆகும்.

பின்னணி

1947ஆம் ஆண்டுச் சட்டம் கடைப் பணியாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலைநேரத்தை வரையறுத்தது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் 1 மணி நேர ஓய்வு தரவேண்டும் என்றும் கூறியது. ஆனால் இருக்கை வசதியை அது கட்டாயமாக்கவில்லை. இதனால் துணிக்கடை, நகைக்கடைப் பணியாளர்கள் பலர், வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் நிற்க வைக்கப்பட்டனர். நெடுநேரம் நிற்பதால் கால் வீக்கம், முதுகுவலி, சுருள் சிரை நோய் முதலியன ஏற்படக்கூடும். வசந்தபாலன் இயக்கிய அங்காடித் தெரு (2010) திரைப்படம் சென்னைத் துணிக்கடைப் பணியாளரின் வாழ்வைக் காட்டியது.

தொழிற்சாலையும் கடையும்

தொழிற்சாலைகளில் நிலைமை வேறாக இருந்தது. நின்று வேலை செய்வோருக்கு இருக்கை அமைக்க வேண்டும் எனத் தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 44ஆம் பிரிவு விதித்தது. சுண்ணாம்புக்கல் வளம் மிக்க அரியலூர் பகுதியில் அரசு சிமெண்ட் ஆலை 1979இல் தொடங்கப்பட்டபோதே அதன் தொழிலாளருக்கு இப்பாதுகாப்பு சட்டத்தில் இருந்தது. அதே அரியலூரிலும் அண்டை நகரான பெரம்பலூரிலும் கடைகளில் விற்பனை செய்வோர் இதே பாதுகாப்புக்கு 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. தொழிற்சாலைகள் சட்டத்துக்கு மாற்றாக 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கை விதி இடம்பெற்றுள்ளது.

சட்டத் திருத்தம்

கேரளத்தில் கோழிக்கோட்டின் 'பெண்கூட்டு' அமைப்பைச் சேர்ந்த கடைப் பெண்கள் நடத்திய போராட்டங்களைத் தொடர்ந்து 2018இல் அம்மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன் 2021 செப்டம்பர் 6 அன்று சட்டமன்றத்தில் திருத்த மசோதாவை அறிமுகப்படுத்தினார். அது அதே ஆண்டில் சட்டமாயிற்று.

உரிமையாளரின் கடமைகள்

ஒவ்வொரு நிறுவனமும் பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து தரவேண்டும். வேலை நேரம் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும் நிலையைத் தவிர்ப்பதே பிரிவின் நோக்கம். ஆகவே உணவு இடைவேளைக்கென ஓர் அறையில் மட்டும் நாற்காலிகளை இடுவது போதுமானதாகாது. பணிபுரியும் இடத்தின் அருகிலேயே இருக்கை தேவைப்படும். சட்டம் பின்பற்றப்படுவதைத் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கண்காணிக்கின்றனர்.

வரம்புகள்

இப்பிரிவு கூடுதல் ஓய்வு நேரம் எதையும் வழங்கவில்லை. வேலைக்கு இடையே இயல்பாகக் கிடைக்கும் வாய்ப்பையே குறிப்பிடுகிறது. தீபாவளி, பொங்கல் விற்பனைக் காலங்களில் அத்தகைய வாய்ப்பு அரிது. மேலும், இருக்கை போடப்பட்டுள்ளதா என்பதை ஆய்வாளர் எளிதில் காணலாம். அதில் அமரும் பணியாளர் கண்டிக்கப்படுகிறாரா என்பதை ஓர் ஆய்வில் அறிதல் கடினம். அமர அனுமதிக்கப்படாத இடத்தில் இருக்கை மட்டும் இருப்பதால் சட்டத்தின் நோக்கம் நிறைவேறுவதில்லை.