தெளிவாகப் பேசினாலும் தாமதிக்கக் கூடாது

குளியலறையில் வழுக்கி விழுந்த எழுபது வயதுக்காரர் தானே எழுந்து உட்கார்ந்து, தெளிவாகப் பேசி, காபியும் கேட்டுவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வருகிறது. காலையில் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று படுக்கவைக்கிறார்கள். அந்த இரவுதான் ஆபத்தானது. வயது ஏற ஏற மூளை சுருங்குகிறது. அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. அதைக் கடந்து செல்லும் மெல்லிய சிரைகள் ஏற்கெனவே இழுபட்டிருப்பதால் சிறு அடியிலும் அறுந்துவிடலாம். கசியும் இரத்தம் தங்க அங்கே இடமிருப்பதால் மூளை உடனே நசுங்குவதில்லை. தலைவலி, குழப்பம், தள்ளாட்டம் எல்லாம் மணிக்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில்கூடத் தாமதமாகவே தெரியும். இரத்தம் உறையாமல் தடுக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குக் கசிவு எளிதில் நிற்காது. ஆகவே இளைஞரிடம் ஆறுதல் தரும் தெளிவான பேச்சை முதியவரிடம் அப்படியே நம்ப முடியாது.

சீக்கிரம் போனால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். 2019இல் 'லான்செட்' இதழில் வெளியான கிராஷ்-3 ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. 29 நாடுகளில் 12,737 தலைக்காய நோயாளிகளிடம், இரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் சோதிக்கப்பட்டது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில், லேசான, மிதமான காயக்காரர்களிடையே தலைக்காய மரணம் 7.5 சதவீதத்திலிருந்து 5.8 சதவீதமாகக் குறைந்தது. நினைவிழந்து கிடந்தவர்களுக்குத் தெளிவான பலன் இல்லை. என்னைப் பொறுத்தவரை ஆய்வின் சாரமே இதுதான்: காப்பாற்ற முடிந்தவர்கள், பார்வைக்கு அவ்வளவு மோசமாகத் தெரியாதவர்கள். அவர்களிலும் எவ்வளவு முன்னதாக ஊசி போடப்பட்டதோ அவ்வளவு பலன். இரத்தக் கட்டியைக் கரையவிடாத மருந்து மாரடைப்பையோ பக்கவாதத்தையோ வரவழைக்காதா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்த ஆய்வில் அவை மருந்து பெறாதவர்களைவிடக் கூடவில்லை.

விழுந்த எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பினால் செலவும் நெரிசலும் என்னாவது என்ற மறுப்பும் உண்டு. எல்லோரையும் அல்ல. ஒரு கணம் நினைவு தப்பியவர், விழுந்தது ஞாபகமில்லாதவர், வாந்தி எடுப்பவர், இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோரை அன்றே பார்க்க வேண்டும். நினைவு தப்பியோ குழம்பியோ மீண்டவருக்கு 65 வயது ஆகியிருந்தாலே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறது கனடாவின் தலைக்காய விதி. கதிர்வீச்சால் பிற்காலத்தில் தீங்கு வரும் என்ற கவலை அந்த வயதில் மிகச் சிறியது. சி.டி. இல்லாத ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கண்காணிப்பதில் கழியும் நேரம் அந்த 3 மணி நேரத்திலிருந்தே போகிறது. அதனால் 108ஐ அழைப்பவர், விழுந்த நேரத்தையும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் முதலிலேயே சொல்லி, சி.டி. உள்ள இடத்துக்கே கொண்டுபோகக் கேட்க வேண்டும்.